புழுவுக்கு அடித்த வைரஸ்

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹாஃபிஸா அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். முதல் முறை, விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, எதிரே உட்கார்ந்திருந்த பெண் பொறுமை இழக்கிறாளா என்று பார்க்க. அவள் இழக்கவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே எடுத்துப்போய்க் குழாயடியில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹம்சத்வனி. கும்பகோணத்துக்காரி, வயது இருபத்தாறு. காய்கறிப் பயிர்களில் பூச்சி மருந்தைக் குறைப்பதற்கான ஒரு திட்டத்தில் களப் பணியாளர். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தக்காளி போடுகிறவர்களைத் தேடி ஊர் ஊராக ஸ்கூட்டியில் அலைந்துகொண்டிருந்தாள். ஹாஃபிஸாவின் ஒரு ஏக்கர் கொல்லையில் பாதியைக் கேட்டாள். அந்தப் பாதியில் தான் சொல்கிறபடி மட்டும் செய்ய வேண்டும். மீதிப் பாதியில் வழக்கம்போல் மருந்தடித்துக்கொள்ளலாம். பொறி, அட்டை, கரைசல் எல்லாம் திட்டத்தின் செலவு.

“இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள் ஹாஃபிஸா.

“எண்ணிக்கைதான்க்கா. பொறியில எத்தனை பூச்சி விழுந்துச்சு, நூறு காய்க்கு எத்தனை காய்ல ஓட்டை இருக்கு. அது போதும்.”

“அதை வெச்சு என்ன பண்ணுவீங்க?”

“எழுதுவோம்.”

அந்தப் பதில் ஹாஃபிஸாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போன வருடம் நடந்தது அதைவிடப் பிடிக்காததாக இருந்தது.

கஜா புயலில் அந்தக் கொல்லையில் நாற்பத்திரண்டு தென்னை சாய்ந்தது. கணவர் மீரா உசேன் அப்போது மஸ்கட்டில் இருந்தார். ஆள் வைத்து மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியதும், போர்வெல் போட்டுக் காய்கறி வைக்கத் தொடங்கியதும் ஹாஃபிஸாதான். போன வருடம் தக்காளிக்குப் பதினோரு முறை மருந்தடித்தாள். காய்ப்புழு போகவில்லை. அவள் கைகளில்தான் முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக வந்தது. கடைவீதியில் வியாபாரி பெட்டியின் மேலிருந்த ஒரு காயைத் திருப்பி, காம்புக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டையை அவளுக்குக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மீரா உசேன் அந்தத் தாளின் நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வந்த சரக்கை எண்ணாமல், முத்திரையைப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. முதுகுத்தண்டில் தட்டு விலகி ஊர் திரும்பி ஒன்றரை வருடமாகிறது. வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் உள்ளே தருவார்.

“எல்லாம் ஓசியா?” என்றார்.

“ஆமா மச்சான்.”

“கம்பெனி பேரே இல்லியே இதுல.”

“கம்பெனி இல்லைன்னுதான் சொல்றாங்க.”

“அப்படித்தான் சொல்லுவாங்க,” என்று தாளை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மார்கழியில் நாற்று நட்டார்கள். ஹம்சத்வனி சொன்னபடி, பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. செண்டுமல்லி நாற்று மட்டும் தக்காளியைவிட இருபது நாள் மூத்தது. தக்காளி பூக்கிற நேரத்தில் அதுவும் பூத்திருக்க வேண்டுமாம். தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு அந்தப் பூவில் முட்டை வைக்குமாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டு அட்டைகள். செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் மூன்று பொறிகள். புனல் மாதிரி ஒரு மூடி, அதன் நடுவில் ரப்பர் குப்பி, கீழே நீளமான பாலிதீன் பை.

மீரா உசேன் மாட்டுவதற்கு முன் ரப்பர் குப்பியை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“வாசனையே இல்லியேம்மா.”

“நமக்கு வராதுங்க சார். ஆண் பூச்சிக்கு மட்டும்தான் வரும். பெண் பூச்சி இருக்குன்னு நெனச்சு வந்து பைக்குள்ள விழுந்துடும்.”

“நமக்குத் தெரியாத வாசனைன்னு சொல்லிட்டா எதை வேணும்னாலும் குப்பியில வெச்சுக் குடுக்கலாம்,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சரக்கில் குறை கண்டுபிடித்த குரலில் சொன்னார்.

மறுநாள் பைக்குள் இரண்டு பூச்சி கிடந்தது. அடுத்த வாரம் மூன்று. ஹம்சத்வனி செவ்வாய்க்கிழமை தோறும் வந்து எண்ணி எழுதிக்கொண்டு போனாள். ஒருநாள் சின்ன அட்டைகளைக் கொண்டுவந்து இலைகளுக்கு அடியில் குத்தி வைத்தாள். அட்டையில் கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக, ஏதோ ஒட்டியிருந்தது. முட்டைகள். அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத குளவி வருமாம். காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுமாம்.

“பூச்சியை ஒழிக்கிறேன்னு வந்துட்டு அந்தப் பொண்ணு புதுசு புதுசாப் பூச்சி கொண்டுவந்து விடுது. பாத்துக்க,” என்றார் மீரா உசேன்.

கிழக்கே அடுத்த கொல்லை அன்பரசனுடையது. அவருக்குச் சாலையோரத்தில் உரம், மருந்துக் கடையும் இருந்தது. மூன்று வருடமாக ஹாஃபிஸா அவரிடம்தான் மருந்து வாங்கிவந்தாள். இந்த முறை பாதிதான் வாங்கினாள். அவர் வேலியோரம் நின்று பொறியைப் பார்த்தார்.

“பொறி வெச்சா பூச்சி கொறையாதுக்கா. பத்துக் கொல்லைப் பூச்சி உங்க கொல்லைக்கு வரும். வர்ற வழியில என் கொல்லையிலயும் எறங்கிட்டுத்தான் வரும்.”

ஹாஃபிஸாவுக்கு அது நியாயமான பேச்சாகவும் பட்டது, கடைக்காரன் பேச்சாகவும் பட்டது. அன்று முதல் காலையில் கொல்லைக்குப் போனதும் பொறிகளின் பையைத் தடவிப் பார்த்தாள், யாராவது கிழித்திருக்கிறார்களா என்று. ஹம்சத்வனி எண்ணிச் சொன்ன பிறகு, அவள் போனதும் கொட்டி வைத்த பூச்சிகளைத் தானும் ஒருமுறை எண்ணினாள். இதுவரை கணக்கு ஒத்துத்தான் வந்தது. அப்படி ஒத்து வந்ததும் அவளுக்கு உறுத்தியது.

தை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று பொறியிலும் பூச்சி திடீரென்று ஏறியிருந்தது. செண்டுமல்லிப் பூவுக்குள் சின்னப் புழுக்கள். சில தக்காளிப் பிஞ்சிலும் இருந்தன. ஹம்சத்வனி ஸ்கூட்டியிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே புளிக்கரைசல் நிறத்தில் ஒரு புட்டி.

“இது வைரஸ்க்கா,” என்றாள்.

களையெடுத்துக்கொண்டிருந்த ஞானம் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி. நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து காய் பறிப்பதும் களையெடுப்பதும் அவள்தான். அவளுடைய ஐந்து ஆடுகளும் ஹாஃபிஸாவின் வரப்பில்தான் மேயும்.

“என்னம்மா சொல்றீங்க, வைரஸா?”

“புழுவுக்கு வர்ற வைரஸ்மா. காய்ப்புழுவை மட்டும்தான் பிடிக்கும். மனுஷங்களை, ஆடுமாட்டை ஒண்ணும் பண்ணாது. நோய் வந்து செத்த புழுவை அரைச்சு எடுக்கிறது.”

ஞானம் புட்டியைப் பார்த்தாள், ஹாஃபிஸாவைப் பார்த்தாள், குனிந்து களையைப் பிடுங்கினாள். வைரஸ் என்று சொல்லாமல் வேறு ஏதாவது பேர் சொல்லியிருக்கலாம் என்று ஹாஃபிஸாவுக்குத் தோன்றியது.

வெயில் தணிந்ததும் வெல்லம் கரைத்துக் கலந்து அடித்தார்கள். பழைய மருந்து டேங்க் வேண்டாம் என்று ஹம்சத்வனி சொல்லியிருந்ததால், புதிதாக வாங்கிய நீல டேங்கில்.

ஐந்தாம் நாள் காலையில் ஹாஃபிஸா அதைப் பார்த்தாள். புழுக்கள் செடியின் உச்சிக்கு ஏறியிருந்தன. பின்கால்களால் நுனி இலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. சில வெளுத்து, சில கறுத்து. ஒன்றைக் குச்சியால் தொட்டதும் தோல் பிய்ந்து உள்ளிருந்ததெல்லாம் கறுப்பு நீராக இலையில் வழிந்தது. வரிசைக்கு வரிசை அப்படித்தான் தொங்கின.

போனில் சொன்னபோது ஹம்சத்வனி சந்தோஷப்பட்டாள். “அப்படித்தான்க்கா சாகும். அந்தத் தண்ணி கீழ இலையில பட்டு, அதைத் தின்ற புழுவும் சாகும்.”

ஹாஃபிஸாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி உளூ செய்யும்போது விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அவள் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் யாராவது பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் மீரா உசேன் கொல்லைக்கு வந்தார். வரப்பில் நின்று தொங்குகிற புழுக்களை வெகுநேரம் பார்த்தார். ஞானம் பக்கத்தில் வந்தாள்.

“கொரோனாவும் மொதல்ல எதுக்கோதாம் பாய் வந்துச்சு. அப்புறந்தான் மனுஷனுக்கு வந்துச்சு,” என்றாள்.

அவர் வரப்பை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஹாஃபிஸா பரிமாறிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை ஹாஃபிஸா நாகூருக்குப் போனாள். அக்கா மகள் அஃப்ரீனுக்கு நிச்சயம். முதுகு வலி என்று மீரா உசேன் வரவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் திரும்பியபோது அவர் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தார். வலி அதிகமாகிவிட்டது என்றார். அவள் தைலம் தேய்த்துவிட்டாள். கொல்லைக்குப் போக நேரமில்லை.

சனிக்கிழமை முதல் பறிப்பு. ரமலான் நோன்பு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான், நோன்புக் கஞ்சிக்குத் தக்காளி தேவைப்படும், நல்ல விலை கிடைக்கும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். ஞானமும் மற்றப் பெண்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தார்கள், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு. தொங்கிய புழுக்களெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தன. காய் நன்றாக இருந்தது. ஹாஃபிஸா ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூறில் நாலைந்துதான் ஓட்டை.

ஒன்பது பெட்டி நிரம்பியபோது, வரப்பிலிருந்து ஆடு கத்தியது. அது சாதாரணமான கத்தலாக இல்லை.

ஞானம் ஓடினாள். கிழக்கு வரப்பில், வாய்க்காலோரம், இரண்டு ஆடுகள் விழுந்து கிடந்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சினையாக இருந்த கறுப்பு ஆடு ஞானத்தின் மடியிலேயே செத்துப்போனது.

பறித்த பெண்கள் கையிலிருந்த பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டில் ஏறி நின்றார்கள். அரைமணி நேரத்தில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் செடியை, பிறகு ஆட்டை, பிறகு ஹாஃபிஸாவை.

ஹாஃபிஸா கூப்பிட்டதும் ஹம்சத்வனி வந்துவிட்டாள். வரும் வழியிலேயே கால்நடை மருத்துவரையும் போனில் அழைத்திருந்தாள். மருத்துவர் உயிரோடிருந்த ஆட்டின் கண்ணை விரித்துப் பார்த்தார். வாயை முகர்ந்தார். ஊசி போட்டார், சற்று நேரம் கழித்து இன்னொன்று. ஆட்டின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

“பூச்சி மருந்து,” என்றார். “கண்மணி ஊசிமுனையா சுருங்கியிருக்கு பாருங்க. வைரஸ்ல இப்படி வராது. மருந்து பட்ட புல்லைத் தின்னிருக்கு.”

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: “டாக்டரைக் கூப்பிட்டதும் அந்தப் பொண்ணுதானே.”

அதற்குப் பிறகு மருத்துவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒருத்தி ஹம்சத்வனியின் ஸ்கூட்டியிலிருந்த ஐஸ் பெட்டியை எடுத்துத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஞானம் ஹம்சத்வனியைத் திட்டவில்லை. செத்த ஆட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, “ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்களேம்மா,” என்று மட்டும் கேட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஹம்சத்வனி முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள். ஹாஃபிஸா பின்னாலேயே போனாள், உதவிக்காக அல்ல, அவள் எதையாவது எடுத்து மறைக்கிறாளா என்று பார்ப்பதற்காக.

கிழக்கோரம் ஆறு வரிசையில், மருந்தடிக்கிற மேற்குப் பாதிக்கு எட்டாத இடத்தில், ஹம்சத்வனி நின்றாள். உட்கார்ந்து செடிக்கு அடியில் கையால் துழாவினாள். உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். மூன்று தேனீ, பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்கிற நாலைந்து பொறிவண்டு, ஒரு சிலந்தி. எல்லாம் செத்தவை.

“வைரஸ் இதையெல்லாம் தொடவே தொடாதுக்கா. யாரோ இந்த ஆறு வரிசைக்கு மருந்தடிச்சிருக்காங்க. போன செவ்வாய்க்கிழமை நான் பாத்தப்ப எல்லாம் உயிரோட இருந்துச்சு.”

ஹாஃபிஸா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். போன வருடம் அவள் சேலையில், தலைமுடியில், தண்ணீர்ப் பானையில்கூட இருந்த நாற்றம். சந்தேகமே இல்லை.

முதலில் அவளுக்குத் தோன்றியது, இவளே அடித்திருப்பாளோ என்று. வைரஸ் சரியாக வேலை செய்யவில்லையென்று, நல்ல கணக்குக் காட்டுவதற்காக. அப்படித் தோன்றியதும் ஹம்சத்வனியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கேள்வி அவள் கண்ணிலும் இருந்தது.

“நீங்க அடிக்கலியேக்கா?”

“நான் நாகூருக்குப் போயிட்டேன்.”

“யாராவது ஆள்கிட்டச் சொல்லி?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

ஹம்சத்வனி கையிலிருந்த பூச்சிகளை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். போகும்போது, “அந்த ஒம்பது பெட்டியையும் வெளிய அனுப்பாதீங்கக்கா. எந்த மருந்துன்னு தெரியாம அந்தக் காயை யாரும் சாப்பிடக் கூடாது,” என்றாள்.

அனுப்ப வழியும் இல்லை. மதியத்துக்குள் அந்தப் படம் எல்லார் போனுக்கும் போயிருந்தது. ‘வைரஸ் தக்காளி’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். வியாபாரி கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு அவள் காய் வேண்டாம் என்றார்.

கிழக்கோரம் என்றால் அன்பரசன் பக்கம். ஹாஃபிஸா நேராக அவர் கடைக்குப் போனாள்.

“என் கொல்லையில மருந்தடிச்சது யாரு?”

அன்பரசன் தராசிலிருந்து கையை எடுத்தார். “நான் என் கொல்லைக்கே ரெண்டு வாரமா அடிக்கல. வந்து பாருங்க.”

“பொறி வெச்சதுலேருந்து உங்களுக்குப் பிடிக்கல.”

“பிடிக்கலதான். அதுக்கு அடுத்தவன் கொல்லையில எறங்குவனா?”

“அப்ப உங்ககிட்ட யாராவது மருந்து வாங்கினாங்களா? நான் ஊர்ல இல்லாத வியாழக்கிழமை?”

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். “யாருக்கு என்ன வித்தேன்னு நான் கடையில நின்னு சொல்ல மாட்டேன்க்கா. உங்களுக்கு வித்ததையும் யாருகிட்டயும் சொன்னதில்ல. வீட்டுக்குப் போங்க.”

‘வீட்டுக்குப் போங்க’ என்று அவர் சொன்ன விதம் அவளைப் பாதி வழியில் நிறுத்தியது. கோபமாகச் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அவள் வீட்டுக்குப் போகாமல் கொல்லைக்குப் போனாள். மோட்டார் கொட்டகையில் இரண்டு டேங்கும் ஆணியில் தொங்கின. நீல டேங்கை எடுத்தாள். சுத்தமாகக் கழுவி, குழாயைச் சுருட்டி, முனையைத் துணியில் கட்டி வைத்திருந்தது. அவள் அப்படிக் கட்டுவதில்லை. தோளில் மாட்டிப் பார்த்தாள். டேங்க் இடுப்புக்குக் கீழே இறங்கித் தொங்கியது. தோள்வார் மூன்று துளை தளர்த்தப்பட்டிருந்தது, உயரமான ஆளுக்கு.

அவள் அங்கேயே பெட்டிகளின் மேல் உட்கார்ந்தாள். மீரா உசேனின் முதுகு வலி வியாழக்கிழமை காலையில் சாதாரணமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை.

மாலை நேரத்து அஸர் தொழுகை முடித்து வந்த மீரா உசேன், கூடத்தில் அந்த டேங்க் கிடப்பதைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆறு வரிசைக்கு மேல முடியல,” என்றார். “முதுகு பிடிச்சுக்கிச்சு.”

“ஏன் மச்சான்?”

“அதுக தொங்கினதைப் பாத்தேன். நீ அந்தக் கையோட வந்து சோறு போட்டே. போன வருஷம் மருந்தால உன் கையெல்லாம் புண்ணாச்சு, அது நமக்குத் தெரிஞ்ச விஷம். இது என்னன்னே தெரியாது. அந்தப் பொண்ணு நம்மள வெச்சு சோதனை பண்ணுதுன்னு நெனச்சேன். சொன்னா நீ கேக்க மாட்டே. நீ இல்லாத ஒருநாள்ல முடிச்சுடலாம்னு...”

“என்ன மருந்து?”

“அன்பரசன்கிட்ட இருக்கறதுல கடுமையானது குடுன்னு கேட்டேன். அவரு ரெண்டைக் குடுத்து, கலந்து அடிங்கன்னாரு. கலந்தேன்.”

“டேங்க் கழுவின தண்ணி?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். “வாய்க்கால் வரப்புல ஊத்தினேன்.”

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஹாஃபிஸா எழுந்து போய் வீட்டின் பின்பக்க அறையில் தேடி, பழந்துணிக்குக் கீழே இருந்த இரண்டு புட்டிகளையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“படிங்க. எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பீங்களே. இதைப் படிங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். கொடிய விஷம் என்று சொல்லும் சிவப்பு முக்கோணம். கால்நடை அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர்நிலையில் கழுவக் கூடாது. தெளித்த பிறகு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள். அந்த இடத்தில் அவர் குரல் நின்றது. வியாழக்கிழமை அடித்திருக்கிறார், சனிக்கிழமை பறித்திருக்கிறார்கள்.

“அந்தப் பெட்டியெல்லாம் எங்க?”

“கொட்டகையிலதான். வைரஸ்னு வதந்தி கிளம்பாம இருந்தா இந்நேரம் கடைக்குப் போயிருக்கும்.”

மீரா உசேன் புட்டிகளைக் கீழே வைத்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஹாஃபிஸா, வைரஸ்னே இருக்கட்டும். அந்தப் பொண்ணு வேற ஊருக்கு மாறிப் போயிடும். நாம இந்த ஊர்லதான் இருக்கணும்.”

அப்படி அவர் சொல்வார் என்று அவளுக்கு முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் அவளுக்கே அது சுலபமாகவும் பட்டது. ஊர் ஏற்கெனவே ஒரு பதிலை வைத்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கப் போவதில்லை, அன்பரசனும் வாய் திறக்கப் போவதில்லை.

“ஞானம் அக்கா நாளைக்கும் அதே வரப்புல மிச்ச ஆட்டை ஓட்டிட்டு வரும்,” என்றாள். “என்னன்னு சொல்லி நிறுத்துவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கொல்லையின் மூலையில் குழி வெட்ட ஆள் வைத்தார்கள். ஒன்பது பெட்டிக் காயையும் அதில் கொட்டினார்கள். கிழக்கு வரிசை எது, மற்ற வரிசை எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாம் கலந்திருந்தது. ஆறு வரிசைக்கும் வாய்க்கால் வரப்புக்கும் கயிறு கட்டினார்கள். பிறகு ஞானம் வீட்டுக்குப் போனார்கள்.

ஞானம் பிழைத்த ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மீரா உசேனே சொன்னார். எந்தக் கிழமை, என்ன கலந்தார், எங்கே ஊற்றினார் என்று சரக்கு விவரம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார்.

ஞானம் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“ஆடு நீங்க வேணும்னு கொல்லல பாய். அது தெரியுது. நேத்து அந்தப் பொண்ணை நடுவுல நிக்க வெச்சு ஊரே ஏசுச்சு. நானும் கேட்டேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்ல.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ம்,” என்றாள். ஹாஃபிஸாவைப் பார்த்து, “ஆடு வாங்கிக் குடுத்துடுவீங்க, தெரியும். ஆனா நான் எதை நம்பி உங்க செடியில கை வைக்கிறது?” என்றாள்.

“நீங்களே சொல்லுங்கக்கா.”

ஞானம் யோசித்தாள். “மருந்து டேங்க் ரெண்டும் என் வீட்ல இருக்கட்டும். எது அடிக்கணும்னாலும் இங்க வந்து கேட்டு எடுத்துட்டுப் போங்க. என்னன்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் அடிக்கணும். வைரஸா இருந்தாலும் சரி.”

நிலத்துக்காரி கூலிக்காரி வீட்டில் வந்து டேங்க் கேட்பதா என்று மீரா உசேன் முகம் ஒருகணம் இறுகியது. ஹாஃபிஸா, “சரிக்கா,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஹம்சத்வனி வந்தாள். நடந்ததைக் கேட்டு அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றபடி, “ரெண்டு மாசம் சார்,” என்றாள். “இந்தப் பாதியோட கணக்கை இனிமே சேர்க்க முடியாது. மேல கேட்டா என்ன எழுதுறது?”

“நடந்ததை எழுதும்மா. கொல்லைக்காரர் அடிச்சுட்டாருன்னு எழுது,” என்றார் மீரா உசேன்.

“பேரு?”

“என் பேரு.”

அவள் நோட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே எழுதினாள். பிறகு எப்போதும் போல் பொறிகளுக்குப் போனாள். சேர்க்க முடியாத கணக்கு என்றாலும் மூன்று பையையும் எண்ணினாள்.

ஊர் உடனே நம்பிவிடவில்லை. பாய் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. ஞானமே தெருவில் நின்று இல்லை என்று சொன்ன பிறகுதான் அது அடங்கியது. அன்பரசன் ஹாஃபிஸாவைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்குப் போய்ப் பழி சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். “பரவால்லக்கா,” என்றார். ஆனால் இரண்டு கடுமையான மருந்தைக் கலக்கச் சொல்லிக் கொடுத்தது பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

நோன்பின் முதல் வாரம் விற்பனை இல்லாமல் போனது. கயிறு கட்டிய வரிசைகளில் காய் பழுத்துச் செடியிலேயே அழுகியது. வெள்ளை ஈ அந்த ஆறு வரிசையில்தான் முதலில் பெருகியது, இலைகள் சுருண்டன. அதைத் தின்கிற பூச்சி எதுவும் அங்கே மிச்சமில்லை என்றாள் ஹம்சத்வனி. மற்ற வரிசைகள் தப்பின. இரண்டாம் வாரம் வியாபாரி ஆள் அனுப்பி ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தார், பிறகு மூன்று, பிறகு எல்லாம்.

மீரா உசேன் நோன்புக்கு முந்தைய ஸஹர் சாப்பாடு முடித்து, விடியற்காலை பஜ்ர் தொழுத கையோடு கொல்லைக்கு வரத் தொடங்கினார். பொறியின் பையை அவிழ்த்து, பூச்சிகளை ஒரு தட்டில் கொட்டி எண்ணுவார். யாரும் கேட்காமலே எண்ணிக்கையையும் படத்தையும் ஹம்சத்வனிக்குப் போனில் அனுப்புவார். ஒருநாள் அவள் திருப்பிக் கூப்பிட்டாள்.

“சார், நேத்து நீங்க அனுப்பின பதினாலுல ரெண்டு வேற பூச்சி. படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன்.”

“எங்க? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு.”

“ரெக்கையில புள்ளி இல்ல சார்.”

அவர் தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஹாஃபிஸா அடுத்த வரிசையில் ஞானத்தோடு பறித்துக்கொண்டிருந்தாள். ஞானத்தின் கையில் இப்போது பிளாஸ்டிக் பை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிசையிலும் இறங்குவதற்கு முன் குனிந்து, செடிக்கு அடியில் பொறிவண்டு ஊர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைத்தாள். ஹாஃபிஸாவும் பார்த்தாள். ஊர்ந்தது.